பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பாட்டு கேட்கணுமா? கதவில் துளை போடும் முன் இதைப் படிங்க!

பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். அண்ணாந்து பார்த்தால் மலை. அந்த மலைக்கு மேலே கொடைக்கானலிலிருந்துதான் கோடை பண்பலை 100.5 ஒலிபரப்பாகிறது. சாயங்கால வெயில் தணிந்த நேரத்தில் ஒரு பழைய இரண்டு சீட்டு காரின் டாப்பை மடித்துப் போட்டுவிட்டு, பாட்டு கேட்டுக்கொண்டே அணைக்கட்டுப் பக்கம் ஒரு ரவுண்டு போனால் எப்படி இருக்கும்? நினைக்கவே நல்லாத்தான் இருக்கு!

ஆனால், இந்த ஆசையில்தான் பல பழைய கார்களின் கதவுகள் நாசமாகின்றன. கடைக்குப் போவோம், 'ஆறரை இன்ச் ஸ்பீக்கர் போட்டா அதிரும் சார்' என்பார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அறுபது வருஷம் பிழைத்து வந்த கதவுத் தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை விழுந்திருக்கும். ஸ்பீக்கர் பிடிக்கலைன்னா கழற்றி எறிந்துவிடலாம். வெட்டிய கதவை என்ன செய்ய முடியும்? அதனால் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

நம்ம ஊர் ஹெரால்டும் அதன் தம்பியும்

'ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-லிருந்து சென்னையில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? தாத்தா காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அந்தக் கார், இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் சேஸியை நீளம் குறைத்துத்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. ஹெரால்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம் என்றால், ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம்தான்.

பிற்பாடு 1998-ல் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட்டு கார் இந்தியாவிலேயே வந்தது. அதன் பாடி ஃபைபர் கிளாஸ். ஹெரால்டோ, ஸ்பிட்ஃபயரோ, சான் ஸ்டார்மோ, உங்களிடம் எது இருந்தாலும் பிரச்னை ஒன்றுதான்: இடம் குறைவு, இரைச்சல் அதிகம், கரன்ட் கொஞ்சம்.

வெட்டினால் சட்டமும் கேள்வி கேட்கும்

50 வருஷத்துக்கு மேற்பட்ட வாகனங்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதியும் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி ஷெல், இன்ஜினில் பெரிய அளவில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை. ஒரு ஸ்பீக்கர் ஓட்டையை 'பெரிய மாற்றம்' என்று சொல்வார்களா மாட்டார்களா என்ற வாதத்துக்கே ஏன் போகணும்? நாளைக்கு வண்டியை விற்கும்போதும் வாங்க வருகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது கதவைத்தான். எனவே ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: பொருத்துவது எதுவானாலும், ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும்.

முதலில் கரன்ட் கணக்கு

ஸ்பீக்கருக்கு முன் பார்க்க வேண்டியது பேட்டரியை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் 'பாசிட்டிவ் எர்த்' வயரிங் இருந்தது. அதாவது, பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். இப்போது வரும் ஸ்டீரியோ எல்லாமே மைனஸ் எர்த். தெரியாமல் இணைத்தால் புது செட் அந்த நிமிஷமே காலி. பானெட்டைத் திறந்து, பாடிக்குப் போகும் தடித்த கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பிளஸ் என்றால், பழைய வண்டி பழக்கமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

அடுத்தது டைனமோ. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய இந்தச் சின்ன கார்களில் டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர்தான். ராத்திரியில் 45 வாட் ஹெட்லைட் இரண்டு எரிந்தாலே ஏழரை ஆம்பியர் போய்விடும். இக்னிஷன், வைப்பர், பின் விளக்கு எல்லாம் போக பாட்டுக்கு மிஞ்சுவது ஐந்தாறு ஆம்பியர். சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட எதுவும் தராது, எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பாட்டு ஓடும், மறுநாள் காலையில் வண்டி ஓடாது.

இன்னொரு விஷயம். ஸ்டீரியோ அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று பெரிசாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் பாருங்கள், 10 ஆம்பியர் ப்யூஸ் இருக்கும். 12 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 120 வாட். உள்ளே போவதே 120 என்றால் 200 எப்படி வெளியே வரும்? விடாமல் கிடைக்கும் உண்மையான பவர் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்தான். பயப்பட வேண்டாம், அது போதும்.

எந்த ஸ்பீக்கர்?

வாட் எண்ணை விட்டுவிட்டு, 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதுதான் அது, டெசிபெல்லில் இருக்கும். மூன்று டெசிபெல் கூட வேண்டுமென்றால் பவரை இரட்டிப்பாக்க வேண்டும். ஆக, 87 டெசிபெல் ஸ்பீக்கர் 60 வாட்டில் தரும் சத்தத்தை, 93 டெசிபெல் ஸ்பீக்கர் 15 வாட்டிலேயே தந்துவிடும். டைனமோ வண்டிக்கு இது பெரிய வரம். 90-க்கு மேல் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஐந்தே கால் அங்குலம் நல்ல நடுநிலை. நான்கு அங்குலம் எங்கும் நுழையும், ஆனால் பேஸ் இருக்காது. ஆறரை அங்குலத்துக்கு இந்த வண்டிகளில் வெட்டாமல் இடம் கிடைப்பது கஷ்டம். ட்வீட்டர் நடுவிலேயே இருக்கும் 'கோஆக்ஸியல்' வகை வாங்கினால் தனியாக இன்னொரு ஓட்டை வேண்டாம்.

கூம்பு எதனால் ஆனது என்றும் கேளுங்கள். டாப் இல்லாத வண்டி, ஐப்பசி கார்த்திகை மழை, கொடைக்கானல் பனி... காகிதக் கூம்பு நமத்துப் போகும். பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் தாங்கும். ஃபோம் விளிம்பு நம்ம ஊர் வெயிலில் சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

எங்கே வைப்பது?

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் காணாமல் போவது பேஸ்தான். விலை உயர்ந்த ஸ்பீக்கரை மெல்லிய ஹார்ட்போர்டில் மாட்டி, சுற்றிலும் இடைவெளி விட்டால் தகர டப்பா மாதிரிதான் பாடும். சுமாரான ஸ்பீக்கரையே 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில், ஓரங்களில் ஃபோம் டேப் ஒட்டி, காற்று கசியாமல் பொருத்தினால் ஆளே மாறிவிடும். இதை மனதில் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

கால் பக்கப் பலகை: டேஷ்போர்டுக்குக் கீழே, கதவுக்கு முன்னால், காலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பகுதி. சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். காரணம் இருக்கிறது. நமக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். ஸ்பீக்கர் கதவில் இருந்தால் வலது ஸ்பீக்கர் சுமார் 60 செ.மீ. தூரத்தில், இடது ஸ்பீக்கர் அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில். பாடகர் வலது முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். கால் பக்கத்துக்கு நகர்த்தினால் இரண்டும் தூரமாகப் போய், வித்தியாசம் குறைந்து, குரல் நடுவே வந்து நிற்கும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் அட்டைப் பலகையை எடுத்து பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவில் ப்ளைவுட் வெட்டி, ரெக்ஸின் ஒட்டிப் பொருத்தலாம். தகட்டைத் தொடவே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: வலது பக்கம் ஆக்ஸிலரேட்டர் கால் இருக்கிறது. ஷூ போட்டுக்கொண்டு பெடலை முழுசாக மிதித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் வலை ஷூவில் உரசினால் அந்த இடம் வேண்டாம்.

கதவு: வேறு வழியில்லை என்றால் மட்டும். கண்ணாடியை முழுசாக இறக்கி, கைப்பிடியைச் சுற்றும்போது உள்ளே எந்தக் கம்பி எங்கே வருகிறது என்று பார்த்து, அதன்பிறகு ஆழத்தை அளக்கணும். உள்தகட்டில் ஏற்கெனவே இருக்கும் திறப்புகளுக்கு மேல், ட்ரிம் அட்டைக்குப் பதிலாக ப்ளைவுட் பலகை வைத்து மாட்டலாம். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும். ஸ்பீக்கருக்கு மேல் பிளாஸ்டிக் மறைப்பு வையுங்கள், அடித்துளைகளை அடைக்காதீர்கள். ஃபைபர் பாடி வண்டியில் கதவு கூடவே சேர்ந்து அதிரும், அங்கே பலகை இன்னும் கனமாக இருக்கணும்.

சீட்டுக்குப் பின்னால்: டாப் திறந்து ஓட்டும்போது காற்று இரைச்சலில் முன் ஸ்பீக்கர் அமுங்கிவிடும். காதுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் ஸ்பீக்கர் அப்போது கைகொடுக்கும். ஆனால், ஸ்பிட்ஃபயரில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க்! அங்கே டிரில் மெஷினைக் கொண்டு போகவே கூடாது. தனிப் பெட்டியாகச் செய்து தரையில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். ஹெரால்டு என்றால் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையையே பிரதி எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

டேஷ்போர்டுக்கு அடியில்: அறுபதுகளில் கார் ரேடியோ என்றால் மீடியம் வேவ், ஒரே ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அந்தக் காலத்துத் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை மோனோவில் பதிவானவை. பழைய பாட்டு மட்டும்தான் கேட்பேன் என்றால் நடுவில் ஒரு நல்ல ஸ்பீக்கரே போதும். செட்டை மோனோவுக்கு மாற்றுங்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே வெளியீட்டில் பக்கவாட்டில் இணைத்தால் 2 ஓம் ஆகி செட் சூடாகும், அதைச் செய்யாதீர்கள்.

வயரிங்கில் மூன்று விஷயம்

ஒன்று, பேட்டரியிலிருந்து வரும் பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் இருக்கணும். பழைய வண்டியின் மொத்த வயரிங்குக்கும் ஒன்றிரண்டு ப்யூஸ்தான் இருக்கும், அதில் போய் ஒட்டவைக்க வேண்டாம். வயர் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லையென்றால் தகடு இன்சுலேஷனை அறுத்து, ஒருநாள் புகை வரும்.

இரண்டு, ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ். ஒன்று நேராகவும் மற்றொன்று தலைகீழாகவும் மாட்டினால் பேஸ் மறைந்துவிடும். சந்தேகமா? வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

மூன்று, ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'கீ...' சத்தம். பெரும்பாலும் எர்த் சரியில்லாததுதான் காரணம். செட்டின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய நல்ல தகட்டில் தனியாகக் கொடுங்கள். ஃபைபர் பாடியில் தகடே இல்லை என்பதால் சேஸி வரைக்கும் வயர் இழுக்க வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை

ஸ்பீக்கரைத் தடித்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு மாட்டுங்கள். நீளமான வயரோடு கால் பக்கம், கதவுப் பக்கம், சீட்டுக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி வைத்து, நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைக் கேளுங்கள். வண்டி நிற்கும்போது ஒரு முறை. பக்கத்தில் ஒருவரைப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, 50 கி.மீ. வேகத்தில் ஒரு முறை. நிற்கும்போது அருமையாக இருந்த பேஸ் ஓடும்போது காணாமல் போவதைப் பார்ப்பீர்கள். டாப் இல்லாத வண்டியில் அது இயற்கை. மூடிய காரின் அறைக்குள் பேஸ் தங்கும், இங்கே வானத்துக்குப் போய்விடும். அதைத் துரத்திக்கொண்டு பெரிய வூஃபர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். குரல் தெளிவாகக் கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒன்று. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருவது முதலில் தெரிவது ஹாரன் சத்தத்தில்தான். மலை ஏறும்போது அந்த ஹாரன் காதில் விழுகிற அளவுக்கே வால்யூம் இருக்கட்டும். எத்தனை நல்ல பாட்டாக இருந்தாலும் வளைவு தாண்டிக் கேட்டுக்கொள்ளலாம்!