மீன் பாடுமாம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த புளியந்தீவு, இலங்கையில் ஆங்கிலக் கல்வி முன்கூட்டியே வேரூன்றிய இடங்களுள் ஒன்றாகும். 1814இல் இங்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் ஓராண்டுகூட வாழ்ந்தாரில்லை. 1815 ஏப்ரலில் காலமானார். எனினும் அவரது பணியிலிருந்து தோன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நிலைத்திருக்கிறது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. சுவாமி விபுலாநந்தர் அங்கு பயின்றவர்.

இத்தகைய கல்விக்கூடங்களில் ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாக இருந்தது. பாடநூலைப் பிழையின்றி வாசித்து ஒப்புவித்தால் போதும். வாசித்த செய்தி மெய்தானா என்று வினவும் வழக்கம், நான் கற்ற காலத்திலும் ஆங்கில வகுப்பில் இருக்கவில்லை. இன்றைய மாணவனோ ஆங்கிலத்தைப் பாடநூலில் சந்திப்பதைக் காட்டிலும் கைத்தொலைபேசியிலேயே அதிகம் சந்திக்கிறான். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எங்ஙனம் அறிந்தார் என்னும் விவரம் எதுவும் இன்றியே செய்திகள் அங்கு வந்து குவிகின்றன.

இதன் விளைவை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு இணைந்திருந்த அம்பாறையில், 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, ஓர் உணவகத்தின் கறியில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தது. சிங்களம் நன்கு தெரியாத, தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு வினவிற்று. கேள்வியைச் சரிவர விளங்கிக்கொள்ளாத நிலையில் அவர் தடுமாறிச் சொன்ன பதில், கலந்ததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்பட்டது. அக்காட்சி முகநூலில் பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில் கண்டி, திகன பகுதிகளில் வேறொரு காரணத்தால் மூண்ட கலவரத்திற்கும் அவ்வதந்தி எண்ணெய் வார்த்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அப்பொருள் மாவுக் கட்டியே என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 2020இல் முகநூல் நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது.

அரசின் மறுமொழி சமூக ஊடகங்களை முடக்குவதாகவே இருந்தது. 2018 மார்ச்சில் ஒரு முறை முடக்கினர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்ட 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மீண்டும் முடக்கினர். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. தண்டனையும் தடையும் ஒருவனுக்கு வாசிக்கக் கற்பிப்பதில்லை என்பது என் துணிபு.

கற்பிக்க வேண்டியது யாது? செய்தி மேசையில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிய ஆண்டுகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ‘அலெஜ்ட்லி’, ‘ரிப்போர்ட்டெட்லி’ போன்ற சொற்களே மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்பவை. இடம் போதாது என்றால் ஆசிரியரின் பேனா அவற்றைத்தான் முதலில் வெட்டும். ஆங்கிலத்தில் அவை தனிச்சொற்கள். ஆதலால் கற்பவன் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறான். தமிழிலோ கேள்விச் செய்தியைக் காட்ட வினையின் ஈற்றிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. ‘வந்தான்’ என்றால் சொல்பவரே பொறுப்பு. ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டது. எழுத்தறியாப் பாட்டிமாரும் பிசகாமல் கையாளும் வேறுபாடு இது. ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றின் ஈற்றிலும் இந்த ‘ஆம்’ வர வேண்டுமா என்று மாணவனைக் கேட்பதே நல்லதொரு பாடமாகும்.

பயிற்சிக்குப் புளியந்தீவிலேயே பொருள் உண்டு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1848 செப்டெம்பரில் இவ்வாவியின் இசையைப் பற்றி விசாரித்தார். மீனவருடன் நிலவொளியில் தோணியேறிச் சென்று, நீரினடியிலிருந்து எழுந்த ஒலியைத் தம் செவியாற் கேட்டார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது அது உரத்துக் கேட்டதையும் பதிவு செய்தார். அதை எழுப்புவது மீனன்று, ஊரி வகைச் சிப்பியே என்று மீனவர் கூறியதையும் தனியே எழுதிவைத்தார். கேட்டது வேறு, கேள்விப்பட்டது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். நாமோ ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பெயரிட்டு மகிழ்கிறோம்; பெயர் அழகாக இருப்பதால் எவரும் வினவுவதில்லை.

டெனன்டின் அப்பக்கத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் கொடுத்தால், ஒலி எழுந்தது என்னும் வாக்கியத்திற்கு ‘ஆம்’ சேராது. சிப்பி எழுப்பிற்று என்பதற்குச் சேரும். நம் ஊர்ப்பெயருக்கும் சேரும்.