ஷெற்லாந்துத் தீவுகளின் கைப்பின்னற் கலை

ஸ்கொத்லாந்துக்கு வடக்கே, ஏறக்குறைய 60 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளவை ஷெற்லாந்துத் தீவுகள். இலையுதிர் காலம் என்னும் பெயர் அங்கே அவ்வளவு பொருந்தாது. உதிர்ப்பதற்கு இலைகளையுடைய மரங்களே அத்தீவுகளில் அரிது. செப்டெம்பர் கழிந்ததும் பகற்பொழுது விரைந்து குறுகும். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஈரக்காற்று ஓயாது வீசும். அக்காற்றைத் தாங்குவதற்கென அத்தீவுப் பெண்கள் கையாற் பின்னிய கம்பளி மேற்சட்டைகளும் தொப்பிகளும் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தின. அவற்றின் பலநிறக் கோலங்கள், அங்குள்ள ஃபெயர் ஐல் என்னும் மிகச் சிறிய தீவின் பெயரால் இன்று அறியப்படுகின்றன.

இக்கோலங்களை முதலில் வகுத்தவர் யாவர்? இதற்கு நெடுங்காலமாக ஒரு கதை விடையாகக் கூறப்பட்டு வந்தது. 1588ஆம் ஆண்டில் இங்கிலாந்தின்மீது படையெடுத்து வந்த ஸ்பானியக் கப்பற்படையைச் சேர்ந்த எல் கிரான் கிறிபோன் என்னும் கப்பல், ஃபெயர் ஐல் கரையில் மோதி உடைந்தது. உயிர் தப்பிய மாலுமிகள் சில வாரம் அத்தீவிலே தங்கினர். அவர்களே கோலங்களைக் கற்பித்தனர் என்பது கதை. கப்பல் உடைந்தது வரலாறு. கற்பித்தது என்பதற்கோ சான்று இல்லை. ஃபெயர் ஐல் கோலங்களைப் பற்றிய தெளிவான செய்திகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் கிடைக்கின்றன. அன்றியும், இவற்றையொத்த பின்னல்கள் நோர்வேயிலும் பால்ட்டிக் கடலோர நாடுகளிலும் காணப்படுகின்றன. அந்நாடுகளுடன் ஷெற்லாந்து மக்கள் நெடுங்காலம் வாணிகத் தொடர்பு கொண்டிருந்தனர்.

1951ஆம் ஆண்டில் கன்னிஸ்ரர் என்னுமிடத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு மனிதனின் புதைகுழி வெளிப்பட்டது. அவனோடு கிடைத்த நாணயங்களைக் கொண்டு, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அவன் வாழ்ந்தவன் எனக் கணித்தனர். பின்னற் தொப்பி, காலுறை, கையுறை ஆகியவற்றோடு, வண்ணக் கோலம் பொறித்த சிறு பணப்பை ஒன்றும் அங்கே கிடைத்தது. நிறநூல் கொண்டு கோலம் பின்னும் வழக்கம் அக்காலத்திலேயே அத்தீவுகளை எட்டியிருந்தது என்பதற்கு அது சான்று.

இனி, இப்பின்னலின் இலக்கணத்தைச் சிறிது நோக்குவோம். எத்தனை நிறங்கள் தோன்றினும், ஒரு வரிசையில் இரண்டு நிறநூல்களே பயன்படும். ஒன்று கண்ணியாகும்போது மற்றையது பின்புறமாகச் செல்லும். இதனால் துணி இருமடங்கு தடிப்புற்று வெப்பத்தைக் காக்கும். அழகுக்கெனத் தோன்றும் கோலமே குளிருக்கும் அரணாகின்றது. பெரும்பாலான கோலங்கள் ஒற்றைப்படை வரிசைகளைக் கொண்டவை. நடுவரிசையை அச்சாகக் கொண்டு, மேலும் கீழும் நிறங்கள் ஒத்து அமையும். ஆட்டின் இயற்கை நிறங்களான வெள்ளை, சாம்பல், கபிலம், கறுப்பு ஆகியவற்றுடன் அவுரி நீலமும், மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும் சேர்ந்தன.

தொப்பிக்குக் கணக்கு இன்றியமையாதது. 24 கண்ணி அகலமுள்ள கோலமாயின், 144 கண்ணிகளில் அது ஆறு முறை பிசகின்றி நிறையும். 150 கண்ணிகளாயின் வட்டம் மூடுமிடத்தில் கோலம் முறிந்துவிடும். மேற்சட்டையையும் குழாய்போல வட்டமாகவே பின்னுவர். பின்னர் கைக்குழி அமையும் இடத்தைத் துணிந்து கத்தரியால் வெட்டுவர். கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பின்னல் எளிதில் அவிழாது. இக்கணக்கையெல்லாம் தாயிடமிருந்து மகள் கண்டு பயின்றாள்.

ஆடவர் கடலுக்குச் சென்ற காலத்தில் நிலத்தையும் வீட்டையும் காத்தவர் பெண்களே. அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டி உலர்த்தி, முதுகிலே கூடையாகச் சுமந்து வரும்போதும் அவர்களுடைய கைகள் பின்னிக்கொண்டேயிருந்தன. இடுப்பில் அணிந்த தோற்பட்டியின் துளையில் ஊசியின் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு, நடந்தபடியே பின்னினர்.

ஆயின், அவ்வுழைப்புக்குக் கிடைத்த கூலி பணமன்று. பின்னியதைப் பெற்றுக்கொண்ட வணிகர் தேயிலையும் துணியுமாகவே பெரும்பாலும் கொடுத்தனர். உணவு வேண்டிய பெண்கள் அத்தேயிலையைக் கொண்டுபோய் மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றவேண்டியதாயிற்று. 1872ஆம் ஆண்டில் அரசாங்க விசாரணையாளரான வில்லியம் கத்ரி முன்னிலையில் இப்பெண்கள் பலர் சாட்சியமளித்தனர். அவர்களுடைய சொற்கள் அறிக்கையில் பதிவாகியுள்ளன. 1887ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிலிருந்து பின்னுவோருக்கும் பணமாகவே கூலி வழங்க வேண்டுமென்றது. எனினும், பழைய வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

1922ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் எட்வேட், சென் அன்றூஸ் நகரிலே ஃபெயர் ஐல் மேற்சட்டை அணிந்து கோல்ஃப் ஆடினார். 1925இல் அத்தகைய சட்டையுடன் அவருடைய ஓவியமும் தீட்டப்பட்டது. மீனவர் உடை நாகரிக உடையாயிற்று. அணிந்தவர் பெயரை உலகு அறிந்தது, பின்னியவர் பெயரை அறியவில்லை. 1970களில் வடகடல் எண்ணெய்த் தொழில் ஷெற்லாந்துக்கு வந்தபோது, நல்ல சம்பளத்தோடு வேறு வேலைகள் கிடைத்தன. பெண்கள் பலர் கூலிக்குப் பின்னுவதைக் கைவிட்டனர். கலையில் அன்பு குறைந்ததனாலன்று. கணக்கிலே வல்ல கைகளுக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருந்ததனாலேயே.

2010ஆம் ஆண்டில் இத்தீவுகளிலே கம்பளி வாரம் என்னும் விழா தொடங்கியது. தொடர்ந்த ஆண்டுகளில், இலையுதிர் காலத்தில் நிகழ்ந்த அவ்விழாவுக்கெனப் புதிய தொப்பிக் கோலங்கள் வகுக்கப்பட்டன. பல நாட்டினரும் அவற்றைப் பின்னி அணிந்தனர். அக்கோலங்கள் ஒவ்வொன்றும் அதனை வகுத்தவர் பெயருடனேயே வெளிவந்தன. மூழ்கிய கப்பலொன்றின் மாலுமிகளுக்கு நெடுங்காலம் உரியதாக்கப்பட்ட புகழ், பின்னிய கைகளுக்கே உரியதென்பதை இம்மாற்றம் காட்டுகின்றது.