துணி காய்ந்தது, காற்று எங்கே போனது?

மிச்சிகனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்து திரும்பினேன். பனிக்காலத்தில் அங்கே கொடியில் போட்ட துணி பலகை போல விறைத்துவிடும். ஆகவே பேஸ்மென்ட்டில் எரிவாயு டிரையர். ஒரு தடவையில் காய வேண்டிய துணிக்கு இரண்டு தடவை ஓட்டினார்கள். "மெஷின் பழசுப்பா" என்றாள் மகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தால், வெள்ளை பிளாஸ்டிக் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது.

அன்றிரவு இந்த இயந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1800 வாக்கில் பிரான்சில் போஷோன் என்பவர் துளையிட்ட உலோகப் பீப்பாயில் ஈரத்துணியைப் போட்டு, நெருப்பின் மேல் கையால் சுற்றினார். துணி காய்ந்தது, கூடவே புகைநாற்றமும் கரியும் ஒட்டிக்கொண்டன. 1892இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் அடுப்பின் மேல் துணி தொங்கவிடும் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வடக்கு டகோட்டாவின் ராஸ் மூர், குளிரில் துணி உலர்த்தும் அவதி தாங்காமல் ஒரு கொட்டகை கட்டி அதில் அடுப்பு வைத்தார். அடுத்து சுழலும் உருளை செய்தார். கையில் பணமில்லை, உடம்பும் சரியில்லை. கடைசியில் விஸ்கான்சினின் ஹாமில்டன் நிறுவனம் கைகொடுத்தது. (அச்சுக்கான மர எழுத்துகள் செய்த அதே நிறுவனம்! வாத்தியாருக்கு இது போதாதா?) 1938இல் 'ஜூன் டே' என்ற பெயரில் எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் விற்பனைக்கு வந்தது.

சூடாக்க வழி கண்டுபிடித்தாகிவிட்டது. ஈரக்காற்றை வெளியே அனுப்பும் குழாயில்தான் வெகுகாலம் அசட்டையாக இருந்தார்கள். எரிவாயு டிரையரில் எரிந்த வாயுவும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. துணியிலிருந்து உதிரும் பஞ்சோ நன்றாகப் பற்றி எரியும். 2008 முதல் 2010 வரையிலான அமெரிக்க அரசுக் கணக்கில் வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். சுத்தம் செய்யாததே முதல் காரணம்.

மறுநாள் எரிவாயு வேலை தெரிந்தவர் வந்து வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினார். அரை வாளி பஞ்சு! மாப்பிள்ளை வாயடைத்து நின்றார். நான்கு அங்குல உலோகக் குழாய் போட்டார்கள். உள்ளே நீளும் திருகில் பஞ்சு சிக்கும் என்பதால், இணைப்புகளில் உலோக டேப் ஒட்டினார். மொத்த நீளம் 35 அடியைத் தாண்டக்கூடாதாம், ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடி கழிக்க வேண்டுமாம். வெளிமுனையில் வலை வேண்டாம், காற்று வந்தால் திறக்கும் மூடி மட்டும் போதும் என்றார். எரிவாயு இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். படுக்கையறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டினோம்.

அன்று துணி ஒரே ஓட்டத்தில் காய்ந்தது. நான் பனியில் வெளியே போய் நின்று, அந்த மூடி திறந்து ஆவி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.