பக்கவாத்தியக்காரரின் மகன்

தபலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73. நுரையீரல் நோய். செய்தி வந்த அன்று நம் பக்கத்தில் பலருக்கு நினைவுக்கு வந்தது தாஜ்மஹால் தேயிலை விளம்பரமும், அதில் தலைமுடி பறக்க அவர் வாசித்த வேகமும்தான். விளம்பரத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கைக்குப் பின்னால் பக்கவாத்தியக்காரர்களின் கதை ஒன்று இருக்கிறது. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்கு உண்டு. அதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

என் வயதுக்காரர்களுக்குத் தபலா என்றால் சினிமாப் பாட்டு. இல்லையென்றால் மார்கழி பஜனை. கச்சேரி என்றால் மிருதங்கம், கல்யாணம் என்றால் தவில். தபலாவை வடக்கத்திச் சமாச்சாரமாகவே வைத்திருந்தோம். ஆகவே முதலில் வாத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

மிருதங்கம் ஒரே பலாமரக் கட்டையில் குடைந்து இரண்டு பக்கமும் தோல் கட்டியது. வலது பக்கம் வலந்தலை, இடது பக்கம் தொப்பி. வலந்தலையின் நடுவில் கறுப்பாக நிரந்தரமாகச் சோறு இருக்கும். தொப்பியில் ரவையைப் பிசைந்து கச்சேரிக்கு முன் அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தபலாவில் இந்த இரண்டு பக்கமும் தனித்தனி வாத்தியமாகி, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டன. வலது கைக்கு மரத்தால் ஆனது, இடது கைக்கு உலோகத்தால் ஆனது. இரண்டிலும் கறுப்பு மை நிரந்தரம். இடது பக்கத்து மை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் ஊன்றி இழுத்தால் நாதம் வழுக்கிக்கொண்டு போகும். நம் வித்வான்கள் தொப்பியில் போடும் கும்கிக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான வித்தியாசம். நம் கச்சேரியில் பாடகர் தொடையில் தாளம் போடுகிறார். தாளம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதனால் மிருதங்கக்காரருக்கு ஒரு சுதந்திரம். பாட்டின் போக்கைத் தொட்டும் விட்டும் அவர் வாசிக்கலாம். ஹிந்துஸ்தானி கச்சேரியில் பெரும்பாலும் தாளத்தைத் தாங்குவதே தபலாதான். அதற்கு டேக்கா என்று பெயர். தீன்தால் என்றால் பதினாறு மாத்திரை. அந்தப் பதினாறை மாறாமல் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். சிதாரோ குரலோ எங்கு போனாலும் திரும்பி வந்து இறங்க அந்தச் சட்டம் வேண்டும். வேலை பெரிது, மரியாதை சிறிது. பழைய இசைத்தட்டுகளில் தபலா வாசித்தவர் பெயரே அச்சாகாமல் போனதும் உண்டு.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜாகிரின் தந்தை உஸ்தாத் அல்லா ரக்கா. 1919-ல் ஜம்மு பகுதியில் பக்வால் என்ற கிராமத்தில் பிறந்தவர். தபலா மோகத்தில் பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனார். பஞ்சாப் கரானாவின் பெரிய குருவான மியான் காதர் பக்ஷிடம் சேர்ந்து கற்றார். பாட்டும் முறையாகக் கற்றவர். லாகூர் வானொலி, பிறகு பம்பாய் வானொலி என்று வேலை பார்த்தார். 1940-களில் ஏ.ஆர். குரேஷி என்ற பெயரில் ஹிந்திப் படங்களுக்கு இசையமைத்தார். பம்பாய் வானொலியில் தபலாவைத் தனி வாத்தியமாக வாசித்துக் காட்டியவரும் அவர்தான்.

அவரை உலகம் அறிந்தது சிதார் மேதை ரவிசங்கரோடு. ரவிசங்கருக்குக் கர்நாடக சங்கீதத்தின் லயக் கணக்குகளில் பெரிய ஈடுபாடு. நம்மிடமிருந்து பலவற்றை எடுத்துத் தன் கச்சேரியில் சேர்த்தார். தபலாவுக்குத் தனி இடம் கொடுத்தார். சிதார் ஒன்று கேட்க, தபலா பதில் சொல்லும் சவால் ஜவாப் என்பதை மக்கள் ரசிக்கும்படி வளர்த்தார். பஞ்சாப் கரானாவும் கணக்குக்குப் பேர் போனது. எனவே அல்லா ரக்காவுக்கு இது தண்ணீரில் மீன் மாதிரி. இருவரும் 1967-ல் அமெரிக்காவில் மான்டெரே விழாவிலும், 1969-ல் உட்ஸ்டாக்கில் கொட்டும் மழையிலும் வாசித்தார்கள். 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த பெரிய நிகழ்ச்சியிலும் வாசித்தார்கள். அன்று சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டிவிட்டது. சுருதி சேர்த்ததற்கே இவ்வளவு சந்தோஷம் என்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த வீட்டில் 1951 மார்ச் 9-ஆம் தேதி பம்பாய் மாஹிமில் பிறந்தவர் ஜாகிர். பிறந்த குழந்தையின் காதில் தந்தை பிரார்த்தனை ஓதுவது அவர்கள் வழக்கம். அல்லா ரக்கா ஓதியது தபலாச் சொற்களை. தாயாருக்குக் கோபம். இதுதான் என் பிரார்த்தனை என்றாராம் தந்தை. இதை ஜாகிரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் விடியற்காலை மூன்று மணிக்குத் தந்தை எழுப்பி உட்கார வைப்பார். வாத்தியத்தைத் தொடுவதைவிடச் சொற்களை வாயால் சொல்வதுதான் அப்போது அதிகம். நம் ஊரில் கொன்னக்கோல் சொல்லிக் கற்பது போலத்தான். வளர்ந்ததும் தனியாகக் கச்சேரிக்குப் போகும்போது ரயிலில் இடம் கிடைக்காது. தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, யார் காலும் பட்டுவிடக் கூடாது என்று தபலாவை மடியில் வைத்துக்கொள்வாராம்.

1970-ல் ரவிசங்கருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத் தந்தைக்குப் பதிலாக அமெரிக்கா போனார். வயது பத்தொன்பது. அங்கேயே தங்கி, கற்றுக்கொடுத்து, வாசித்து வளர்ந்தார். கதையில் தமிழ்நாடு நுழைவது இங்கேதான்.

ஜான் மெக்லாக்லின் என்று ஒரு ஆங்கிலேய கிடார் கலைஞர். மேற்கத்திய ஜாஸ் இசையில் பெரிய பெயர். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அந்தப் பழக்கத்தில் உருவானதுதான் சக்தி என்ற குழு. வயலின் எல். சங்கர், மிருதங்கம் ராமநாதபுரம் வி. ராகவன், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர். 1975-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வாசித்ததே 1976-ல் முதல் இசைத்தட்டாக வந்தது. ஐந்து பேரில் மூவர் தமிழர்கள் என்பதைக் கவனியுங்கள்.

விநாயக்ராமைப் பற்றிச் சொல்லாமல் ஜாகிரைப் பற்றிச் சொல்ல முடியாது. 1966-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவர். அப்பா ஹரிஹர சர்மா சென்னையில் லயம் கற்பிக்கவே ஒரு பள்ளி நடத்தியவர். கடத்துக்கு நம் மேடையில் என்ன பெயர்? உபபக்கவாத்தியம். பக்கத்துக்கும் பக்கம். மிருதங்கம் வாசித்து மிச்சம் வைத்ததில் ஒரு சில நிமிடம் கடத்துக்கு. மானாமதுரை மண்ணில் செய்த அந்தப் பானை, சக்தி மேடையில் கிடாருக்கும் தபலாவுக்கும் சரிக்குச் சமமாக உட்கார்ந்தது. விநாயக்ராம் பானையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்துத் தாளம் தவறாமல் வாசித்தபோது வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

தபலாவுக்குச் சொற்கட்டு வேறு, கடத்துக்கு வேறு. தா தின் தின் தா என்பார் அவர், தகதிமி என்பார் இவர். ஆனால் ஒன்றை மூன்று முறை வாசித்துச் சமத்தில் இறங்குவது இருவருக்கும் பொது. அங்கே திஹாய், இங்கே மோரா. அந்தப் பொது இடத்தில்தான் இருவரும் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள். கர்நாடக லயத்தை ஜாகிர் மேடை அலங்காரத்துக்காக எடுக்கவில்லை, படித்தார். உமையாள்புரம் சிவராமன் போன்ற மூத்த வித்வானோடு உட்கார்ந்து வாசித்தார். கடைசி ஆண்டுகளில் ஜயந்தி குமரேஷின் வீணைக்கும் கலா ராம்நாத்தின் வயலினுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்.

அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டோடு ஜாகிரும் விநாயக்ராமும் சேர்ந்து வாசித்த பிளானட் டிரம் தொகுப்பு 1992-ல் கிராமி பெற்றது. உலக இசைத் தொகுப்புக்கென அந்த ஆண்டுதான் முதன்முதலாக அந்தப் பிரிவில் விருது கொடுத்தார்கள். 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி ஜாகிர் ஒரே இரவில் மூன்று கிராமி பெற்றார். அதில் ஒன்று சக்தி குழுவின் தொகுப்புக்கு. அதில் அவரோடு விருது பெற்றவர்களில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் ஒருவர். முதல் சக்தியில் அப்பா, கடைசிச் சக்தியில் மகன். பத்து மாதத்தில் ஜாகிர் போய்விட்டார்.

இத்தனை புகழுக்குப் பிறகும் அவர் சில விஷயங்களில் கறாராக இருந்தார். கல்யாண வீட்டிலும் கம்பெனி விருந்திலும் வாசிப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பவர்கள் முன் சங்கீதம் வைப்பதில்லை. ஆனால் தன்னைவிட இளையவர் வாசித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து டேக்கா போடத் தயங்கியதில்லை. முன்னால் வருவது எப்போது, பின்னால் நிற்பது எப்போது என்று தெரிந்தவர். தந்தை அல்லா ரக்கா 2000 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். மகளின் மரணச் செய்தி கேட்ட மறுநாள். அந்த நாளில் மும்பையில் ஜாகிர் நினைவுக் கச்சேரி நடத்தி வந்தார். நடந்த இடம் அங்குள்ள தென்னிந்தியர்கள் எழுப்பிய சண்முகானந்தா அரங்கம். ஜம்முவில் பிறந்த தபலாக்காரருக்குத் திதி நம்மவர் கட்டிய மண்டபத்தில்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். தண்டலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற காஞ்சிபுரத்தில் நாயனா பிள்ளை என்று ஒரு பாடகர் இருந்தார். 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். அவர் கச்சேரியை ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் என்று ஒரு படையே சுற்றி உட்காரும். அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்துப் பாடுவார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதில் கஞ்சிரா வாசித்திருக்கிறார். லயக்காரர்களைச் சமமாக மதித்த மேடை நம் மாவட்டத்திலேயே இருந்தது. அப்படியிருந்தும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஒரு மிருதங்க வித்வானுக்குக் கிடைக்க 1966 ஆனது. பாலக்காடு மணி ஐயருக்கு.

இன்றைக்கும் சபாக்களில் ஒரு காட்சி பார்க்கிறேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். பாடகர் மைக்கை விட்டதும் நமக்குக் காபி ஞாபகம் வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் அடுத்தவர் பாட்டைத் தாங்கியவருக்கு அன்று கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடம். நம்மில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பெயர் அச்சாகாத வேலை என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த கச்சேரியில் தனி வரும்போது உட்கார்ந்திருங்கள். தொடையில் தாளம் போடுங்கள். கணக்கு விட்டுப்போனால் பரவாயில்லை, பாடகரின் கையைப் பார்த்தால் பிடித்துக்கொள்ளலாம். காபி ஆறினால் சூடு பண்ணிக் கொடுப்பார்கள்.