பின்னணி

பதிவு செய்த ஒலியைத் திரும்ப ஒலிக்கச் செய்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பிளேபேக்' என்னும் சொல், தமிழ்த் திரையுலகில் 'பின்னணி' எனப் பெயர் பெற்றபோது பொருளில் சற்றே இடம் மாறியது. பின் + அணி எனப் பிரியும் இச்சொல், பின்னால் நிற்கும் வரிசையைக் குறிப்பது. மயிலாப்பூர்ச் சபாக்களில் நிகழ்ந்த கதாகாலட்சேபங்களில் பாகவதருக்குத் துணையாகப் பாடுவதைப் 'பின்பாட்டு' என்ற வழக்கும் இதற்கு நெருங்கிய உறவு. ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' (1938) படத்தில், திரையில் தோன்றாத லலிதா வெங்கட்ராமனின் குரல் நடிகைக்காக ஒலித்தது. தமிழில் இம்முறைக்கு அதையே தொடக்கமாகச் சொல்வர்.

படப்பிடிப்பில் நடப்பதோ வேறு: முன்பே பதிவான பாடலை ஒலி உதவியாளர் (முன்பு நாக்ரா என்னும் ஒலிநாடாக் கருவியில்) ஓடவிட, ஒலிபெருக்கியில் வரும் பல்லவிக்கேற்ப நடிகர் வாயசைப்பார்; ஷாட் சரியில்லையெனில் அதே அடி மீண்டும் ஒலிக்கும். இந்த மீள ஒலித்தலே 'பிளேபேக்'கின் மூலப்பொருள். அதைக் கைவிட்டு, மறைந்து நிற்கும் பாடகரை முதன்மைப்படுத்தியதால் 'பின்னணி' பிழையான மொழிபெயர்ப்பு எனலாம். ஆயினும், வழக்கில் வென்றது அதுவே.