கொதிகலன்காரர் எழுதிய அட்டைகள்

1939 செப்டம்பர் 1. லண்டன் ரயில் நிலையங்களில் எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். கோட்டில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. ஜெர்மன் குண்டுகளுக்கு அஞ்சி, சில நாட்களுக்குள் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரை வெளியேற்றியது பிரிட்டன். கிராமத்து மண்டபங்களில் நின்ற பிள்ளைகளை, இடம் கொடுக்க வந்தவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசிவரை யாருமே கைகாட்டாமல் நின்ற பிள்ளைகளும் உண்டு. ரயில், சாப்பாடு, கூரை எல்லாம் திட்டத்தில் இருந்தன. ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது.

அந்த டிசம்பரிலேயே ஜான் பௌல்பி, எமானுவல் மில்லர், டொனால்ட் வின்னிகாட் ஆகிய மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எச்சரித்தார்கள்: 2 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது ஆபத்து. எதிர்பார்த்த குண்டுகளோ விழவில்லை. ஊர் திரும்பியவர்கள் லட்சக்கணக்கில். அடுத்த ஆண்டு குண்டுமழை நிஜமாகவே தொடங்கியது.

அப்போது லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃப்ராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் நடத்திய போர்க்காலக் காப்பகத்துக்குக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தார் ஜேம்ஸ் ராபர்ட்சன். போரிட மறுத்த ஸ்காட்லாந்துக்காரர். குழந்தைகளிடம் கண்டதை அட்டையில் எழுதிவைப்பது அங்கே எல்லோருக்கும் கடமை, கொதிகலன்காரருக்கும் விலக்கில்லை. பிள்ளைகளைக் குண்டைவிட அதிகமாக உலுக்கியது தாயின் பிரிவுதான் என்பது அங்கே மெல்லத் தெளிவானது. வெளியேற்றம் உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அதன் முழு விலையைக் கணக்கிட்டவை அந்த அட்டைகள்தான் என்பேன். எழுதிப் பழகிய கண் போர் முடிந்தும் சும்மா இருக்கவில்லை.

1948இல் பௌல்பியிடம் சேர்ந்து, தாயைப் பிரிந்த குழந்தைகளைக் கவனிக்க மருத்துவமனைகளுக்குப் போனார் ராபர்ட்சன். வாரத்தில் ஓரிரு மணி நேரமே பெற்றோருக்கு அனுமதி தந்த வார்டுகள் அன்று பல. ஓசையில்லாத குழந்தைகளைக் காட்டி, "நன்றாகப் பழகிவிட்டார்கள்" என்றார்கள் மருத்துவர்கள். ராபர்ட்சன் கண்டதோ நம்பிக்கை இழந்த முகங்கள். சொன்னால் நம்பவில்லை. சினிமா கேமராவைத் தொட்டே பழகாதவர், ஒன்றை வாங்கினார்.

8 நாள் வார்டில் இருந்த 2 வயதுச் சிறுமியைப் படம்பிடித்தார். அவள் அதிகம் அழவில்லை. அழுகையை அடக்கிய முகம்தான் படம் முழுக்க. வீடு திரும்பும்போது அம்மா நீட்டிய கையைப் பிடிக்க மறுத்தாள். 1952இல் லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் ஓடியது. அரங்கம் கொதித்தது.

கோபப்பட்டவர்களில் ஒருவர் குழந்தை மருத்துவர் டெர்மட் மெக்கார்த்தி. தன் வார்டுக்குத் திரும்பியவருக்கு, பழகிப்போயிருந்த அழுகை அன்றுதான் காதில் விழுந்தது. ஆமர்ஷாம் மருத்துவமனையில் தாய்மாரை உடன் தங்கவைத்தார். 1959இல், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு அரசுக்கே பரிந்துரைத்தது: பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னஞ்சிறு குழந்தையோடு தாய் தங்கலாம். பல மருத்துவமனைகள் அப்போதும் அசையவில்லை. 1961 முதல் தாய்மார்களே சங்கம் கூடிப் போராடினார்கள். பிரிட்டனின் குழந்தைகள் வார்டில் இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கென்று விரிக்கப்படும் மடக்குப் படுக்கை, அப்படித்தான் உள்ளே வந்தது.