தலைச்சுற்று எல்லாம் 'பிரஷர்' அல்ல: குளிசையால் தீராததை அசைவால் தீர்க்கும் இயன்மருத்துவம்

விடியப்புறம் படுக்கையில் ஒரு பக்கம் புரண்டதும் கூரை சுழலத் தொடங்கும். கண்ணை இறுக மூடிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அரை நிமிடத்தில் சுழற்சி நின்றுவிடும். குமட்டல் மட்டும் மிஞ்சும். என் அம்மம்மாவுக்கு இது வந்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பிரஷர் குறைஞ்சிட்டுது." உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தோம். பிறகு தலைச்சுற்றுக் குளிசை. அது ஏறக்குறைய இரண்டு வருடம் நீண்டது. அதற்குள் அவர் கோவிலுக்குப் போவதை நிறுத்தினார். கொடியில் உடுப்புக் காயப்போட அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தினார். கடைசியில் கழுத்தைத் திருப்புவதையே நிறுத்திவிட்டார்.

அவருடைய பிரச்சினை பிரஷர் அல்ல. கொஞ்சம் யோசித்திருந்தால் எங்களுக்கே விளங்கியிருக்கும். இரத்த அழுத்தம் குறைவதால் வரும் மயக்கம் படுத்திருப்பவர் எழும்பி நிற்கும்போது வரும். படுத்தபடி புரள்கிறவருக்கு அழுத்தம் சட்டென்று குறையக் காரணமில்லை. படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும், குனிந்து நிமிரும்போதும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுழற்சி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்காதைத்தான்.

உள்காதில் கல்சியம் காபனேற்றினால் ஆன மிக நுண்ணிய பளிங்குத் துணிக்கைகள் உள்ளன. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்க உதவுபவை அவை. வயதாலோ தலையில் அடிபடுவதாலோ, பல வேளைகளில் காரணம் தெரியாமலோ, சில துணிக்கைகள் கழன்று அருகிலுள்ள அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலை அசையும்போது அவை உருண்டு கால்வாயிலுள்ள திரவத்தைத் தள்ள, தலை நின்ற பின்னும் மூளைக்கு 'சுழல்கிறாய்' என்ற செய்தி போய்க்கொண்டிருக்கிறது. குளிசையால் இந்தத் துணிக்கையை அசைக்க முடியாது. தலையைச் சரியான கோணங்களில் திருப்பி, வந்த வழியே உருட்டி வெளியேற்றத்தான் வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை மாகரெட் டிக்ஸ், சார்ள்ஸ் ஹோல்பைக் என்ற இருவர் 1952 இல் விளக்கினார்கள். தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, விரைவாகப் படுக்க வைத்து, கண்ணின் மணி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கான் எதுவும் இல்லாமலே எந்தக் காது என்பது தெரிந்துவிடும். சிகிச்சையைத் தந்தவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் காது வைத்தியர் ஜோன் எப்லி. 1980 இல் அவர் அதைச் செய்து காட்டியபோது சக வைத்தியர்கள் நம்பவில்லை. அவருடைய பிரதான கட்டுரை வெளிவந்தது 1992 இல். இன்று உலகெங்கும் முதலில் செய்யப்படும் சிகிச்சை அதுதான். பாதிக்கப்பட்ட பக்கம் தலையைத் திருப்பிப் படுக்க வைத்து, சுழற்சி அடங்கும்வரை பொறுத்திருந்து, மறுபக்கம் 90 பாகை திருப்பி, பிறகு முகம் நிலத்தை நோக்கும்படி உடலோடு உருட்டி, எழுப்பி உட்கார வைப்பார்கள். எல்லாமாக ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் மூன்று தடவைகளில் குணமாகும். பின்னர் திரும்பவும் வரலாம். வந்தால் மறுபடியும் செய்யலாம். ஆனால் வீடியோவைப் பார்த்துத் தாமாகவே தொடங்க வேண்டாம். எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று தெரியாமல் உருட்டுவதில் பயனில்லை. கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு முறையை மாற்றிச் செய்ய வேண்டியும் வரும்.

சின்னரிசின், புரோகுளோர்பெராசின் போன்ற குளிசைகள் கடுமையான சுழற்சியையும் வாந்தியையும் சில நாட்களுக்கு அடக்க உதவும். மாதக்கணக்கில் எடுப்பது வேறு கதை. முதியவர்களில் அவை தூக்கக்கலக்கத்தையும், சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கலாம். விழாமல் இருக்கக் கொடுத்த குளிசையே விழுத்திவிடும். ஆனாலும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

எல்லாத் தலைச்சுற்றும் துணிக்கையால் வருவதில்லை. வைரசுத் தொற்றுக்குப் பின் உள்காது நரம்பு பாதிக்கப்பட்டால் நாட்கணக்கில் சுழலும். அது அடங்கிய பின்னும் நடை தள்ளாடும். இங்கே தேவைப்படுவது பயிற்சி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தலையில் காயமடைந்தவர்களுக்காக டெரன்ஸ் கோதோர்ன், குக்சி ஆகியோர் வகுத்த பயிற்சிகளே இதன் ஆரம்பம். அசையாமல் படுத்திருந்தவர்களை விட அசைந்தவர்கள் விரைவாகத் தேறுவதை அவர்கள் கவனித்தார்கள். செல்வீச்சையும் குண்டுவெடிப்பையும் கடந்து வந்த நமது சமூகத்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. வெடி அதிர்ச்சியும் உள்காதின் சமநிலை உறுப்பைச் சேதப்படுத்தக்கூடும்.

பயிற்சி பார்க்க எளிது. பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதில் வைத்தபடி தலையை இடமும் வலமும் அசைப்பது. சுவர் மூலையில் பாதங்களைச் சேர்த்து நிற்பது, முதலில் கண் திறந்து, பிறகு மூடி. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். லேசாகச் சுற்றும்; சுற்றத்தான் வேண்டும். அந்தப் பிழையான செய்தியைத் திருத்தித்தான் மூளை பழகுகிறது. பயந்து கழுத்தை விறைப்பாக வைத்திருப்பவருக்குத் தள்ளாட்டம் நீடிக்கும். உள்காது பலவீனமானவர்கள் கண்ணையே நம்பி நடப்பதால், பகலில் சமாளிப்பவர் இரவில் வளவின் பின்பக்க மலசலகூடத்துக்குப் போகும்போது விழுகிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பாதையில் ஒரு லைட் பூட்டுவதும் சிகிச்சைதான்.

'கபாலக்குத்து' என்று ஊரில் சொல்லும் ஒற்றைத் தலைவலியும் தலைச்சுற்றைத் தரும். அது 5 நிமிடம் முதல் 72 மணிநேரம் வரை நீடிக்கலாம். தலைவலியே இல்லாமலும் வரலாம். வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. இங்கே இயன்மருத்துவத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அது ஒற்றைத் தலைவலியை வேரோடு நீக்காது. ஒழுங்கான நடைப்பயிற்சி சிலருக்கு வலி வரும் நாட்களைக் குறைக்கும்; கழுத்து மூட்டுகளிலிருந்து கிளம்பும் தலைவலிக்குக் கழுத்துப் பயிற்சி நன்றாக உதவும்; நோவு இல்லாத நாட்களில் சமநிலைப் பயிற்சியை மெதுவாகத் தொடங்கலாம். அதோடு பனடோல் கணக்கையும் பாருங்கள். அடிக்கடி தலைவலி உள்ள ஒருவர் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக அதை எடுத்தால், அந்தக் குளிசையே தலைவலிக்குக் காரணமாகலாம்.

பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமிழத்தல், காட்சி இரண்டாகத் தெரிதல், திடீரெனக் காது கேளாமை, இதுவரை வராத கடும் தலைவலி, பிடிமானமில்லாமல் நிற்கவே முடியாமை: இவற்றில் ஒன்றாவது தலைச்சுற்றோடு சேர்ந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். பக்கவாதமாக இருக்கலாம்.

மற்றவர்கள் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகள் போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவும் உண்டு, கட்டணம் இல்லை. 'தலை சுத்துது' என்று மட்டும் சொல்லாமல், என்ன செய்யும்போது தொடங்குகிறது, எத்தனை வினாடி நீடிக்கிறது, காது இரைகிறதா என்று சொல்லுங்கள். சுற்றும் வேளையில் வீட்டில் யாராவது போனில் கண்ணை அருகில் வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. கிளினிக்குக்குப் போகும் நாளில் பெரும்பாலும் தலை சுற்றாது.